புறங்காட்டி நின்ற கதை

போர்க்களத்திற் புறங்காட்டுதல் தமிழர்க்குப் பெரும்பழி. புறத்துறை இலக்கியம் பயிலும் மாணாக்கியாகிய யாம் இதனை நன்கறிவோம். தேர்வில் வினா எழுந்தால் ஐந்து பக்கம் நிரப்பவும் வல்லோம். ஆயினும், பள்ளியிற் பயின்ற நாளில் களத்திற்குப் புறங்காட்டி நிற்றலையே ஈராண்டளவும் எமது தொழிலாகக் கொண்டிருந்தோம் என்பதை இச் சஞ்சிகையைப் படிக்கும் அன்பர் பலர் அறியார். அறிந்த சிலர் எமது விடுதியிலேயே உளர். இவ்வாண்டு நமது கலாசாலை விளையாட்டு விழா அணுகியபோது, அவர்கள் எமது அறைக்கு வந்து, "அக்கா, எங்கள் குழுவுக்கு நீங்களே முன்னால் நிற்கவேண்டும்" என்று கேட்டனர். யாம் உடனே மறுமொழி கூறவில்லை. கூறாமைக்குக் காரணமே இக்கட்டுரை.

எமது பள்ளியில் ஊக்கமுழக்கக் குழு என்று ஒன்று இருந்தது. நமது பள்ளி மாணவியர் ஆடும்போது ஆடுகளத்தின் ஓரத்தில் வரிசையாய் நின்று, கைதட்டி, காகிதக் குஞ்சங்களை அசைத்து, ஒரே தாளத்தில் முழக்கமிடுவது அதன் வேலை. அவ் வரிசைக்கு முகங்காட்டி நின்று, தொடங்கு, நிறுத்து, உயர்த்து, தாழ்த்து என்று கையாற் காட்டுபவள் தலைவி. அகப்பொருள் பயில்வோர் இச்சொல்லைக் கேட்டு வேறொருத்தியை நினைத்து நகையாடவேண்டா. குழுவினர் களத்தைக் காண்பர். தலைவி குழுவினரைக் காண்பாள். ஆட்டத்தைக் காணாமலே ஆட்டத்திற்குக் குரல் கொடுக்கும் விந்தையான பதவி அது.

இவ் வழக்கம் கடல்கடந்து வந்தது. அமெரிக்க நாட்டு மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில், 1898-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், ஜானி காம்பெல் என்னும் மாணவர் கூட்டத்தின் முன்னே வந்துநின்று அனைவரையும் ஒருசேர முழங்கச் செய்தார் என்றும், அதுவே இத் தலைமைக்குத் தொடக்கம் என்றும் கூறுவர். தொடக்கத்தில் இஃது ஆடவர்க்கே உரியதாயிருந்தது. 1923-இல் அதே பல்கலைக்கழகத்தில் பெண்டிர்க்கும் இடங் கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் ஆடவர் போர்முனைக்குச் சென்றபின் பெண்டிர் கையிலேயே பெரிதும் நிலைத்தது. 2021-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இதன் உலகக் கூட்டமைப்புக்கு முழு அங்கீகாரமும் அளித்துவிட்டது. நம் நாட்டில் இதனைப் பலரும் அறிந்தது 2008-இல் ஐ.பி.எல். கிரிக்கெட்டு தொடங்கிய பின்னரே. தொலைக்காட்சியில் அதனைக் கண்டிருந்த எம் தந்தையார், எம்மைத் தலைவியாக்கினர் என்று கேட்டதும் உண்ட கையோடு எழுந்துவிட்டார். அவர் எமது சபையில் உபதேசியார். சீருடையிலேயே நிற்போம், கைதட்டுவதும் முழங்குவதுமே எம் வேலை என்று எம் ஆசிரியையார் வீடுதேடி வந்து சொன்ன பின்பே மனம் இசைந்தார். ஊக்கமுழக்கக் குழு என்னும் நீண்ட பெயரும் இத்தகைய தந்தையர் பொருட்டுச் சூட்டப்பட்டதேயன்றி, எம்முள் ஒருத்தியும் அப்பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. சியர்ஸ் டீம் என்பதே வழக்கு.

எம்மை எதற்காகத் தேர்ந்தெடுத்தனர்? குரலுக்காக. ஞாயிறுதோறும் ஆலயத்தில் கீர்த்தனைக்கு முதலடி எடுத்துக் கொடுத்துப் பழகிய தொண்டை எமது. யாம் ஓரடி எடுத்தால் இருநூறுபேர் அதனைத் திருப்பிப் பாடுவர். இப் பழக்கம் ஒருவரைப் பாடகராக்குவதோடு நின்றால் நலம். எம்மை அது சிறிது செருக்குடையவளாகவும் ஆக்கியிருந்தது.

அஃது 2022-ஆம் ஆண்டு. கொரோனாத் தொற்றினால் நின்றுபோயிருந்த விளையாட்டுக்கள் பள்ளிகளில் மீண்டும் தலையெடுத்த காலம். ஈராண்டாக வீட்டிற்குள் கைப்பேசியின் முன் அமர்ந்து பாடங்கேட்ட பெண்கள், ஒன்றுகூடி உரத்துக் கூவுவதற்கே கூச்சமுற்றனர். குழுவில் 24 பேர். முதல் நாள் எழுந்த ஒலி, கிணற்றில் விழுந்த குடத்தின் ஒலிபோல அடியிலிருந்து கேட்டது. யாம் விடவில்லை. மாலைதோறும் பள்ளி விட்டபின் வேப்பமரத்தடியில் நிறுத்திப் பயிற்றினோம். முழக்கத்திற்குப் பாட்டும் யாமே கட்டினோம். வெண்பாவில் தொடங்கிய அம் முயற்சியை இங்கே விரித்துரையாமல் விடுகிறோம். நாளென்றும் மலரென்றும் ஈற்றுச்சீர் முடிந்து நிற்குமிடத்தில், எத்துணைத் தொண்டையிருந்தாலும் கூவமுடியாதென்பதை யாப்பிலக்கணம் எமக்கு முன்னரே சொல்லவில்லை. பின்னர்க் கும்மி மெட்டுக்கு வந்தோம். அது தானே கைக்கும் காலுக்கும் பொருந்திக்கொண்டது.

யாம் வகுத்த விதிகளுள் தலையாயது ஒன்று: கண் எமது கையிலேயே இருத்தல் வேண்டும். களத்தில் என்ன நேரினும் அங்கே பார்த்தல் கூடாது. பார்த்தால் கை பிந்தும். ஒரு கை பிந்தினால் இருபத்துநான்கும் சிதறும். நீங்கள் ஆட்டம் பார்க்க வந்தவர்களல்லர் என்று நாள்தோறும் சொன்னோம். ஒரு திங்களில் இருபத்துநான்கு பேரும் ஓருடம்பு போலாயினர். கண்டவர் வியந்தனர். யாமும் வியந்துகொண்டோம்.

இருபத்துநான்கு என்றது பிழை, இருபத்துமூவர் என்க. வரிசையின் இடக்கோடியில் நின்றவள் மட்டும் இவ்வுடம்பிற் சேரவில்லை. அவள் பெயரை இங்குக் குறிக்க அவள் இசையமாட்டாள். ஆதலின் கடைக்கோடியாள் என்றே வழங்குவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்தியநாத சுவாமி கோயிலை அடுத்த மடவார் வளாகத்திலிருந்து வருபவள், மெலிந்தவள், பேசாதவள். எல்லாரும் தட்டி முடித்தபின் அவள் கை ஒருமுறை தட்டும். கூட்டத்தின் ஒலி ஓய்ந்தபின் தனியே எழும் அவ்வோசை எம் காதில் கல்லாய் விழுந்தது. பலமுறை திருத்தினோம். இறுதியில் ஒருநாள் எல்லார் முன்னிலையிலும், "உனக்குத் தாளமே கிடையாது. நீ உட்கார்ந்துக்கோ" என்றோம்.

அவள் குனிந்த தலையோடு, "பாத்துட்டுத்தான் தட்டுறேன். அதான் பிந்துது" என்றாள்.

அதனைச் சாக்குப்போக்கு என்று கொண்டோம். குஞ்சத்தை வாங்கிக்கொண்டோம். சிலர் சிரித்தனர். யாமும் சிரித்தோமா என்பது இப்போது நினைவில் இல்லை, சிரித்திருப்போம்.

இரண்டு வாரங் கழித்து இராஜபாளையத்தில் குறுவட்டக் கபடிப் போட்டி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பதினொரு கிலோமீட்டர் போலத் தொலைவு. மேற்கே மலைத்தொடர் கூடவே வர, பேருந்தில் முழங்கிக்கொண்டே சென்றோம். கபடியின் இயல்பை நம் கலாசாலை அன்பர்க்கு யாம் சொல்லவேண்டியதில்லை. பக்கத்திற்கு எழுவர், பாடிச் செல்பவள் மூச்சை விடாது கபடி கபடியென்று சொல்லிக்கொண்டே எதிரியின் எல்லைக்குட் புகுந்து, தொட்டு, முப்பது நொடிக்குள் நடுக்கோட்டிற்கு மீளவேண்டும். அவள் பாடுவது நடுவர் காதில் விழவேண்டும் என்பதும் விதி. எமது முழக்கத்தில் அது விழவில்லை. நடுவர் இருமுறை எம்மை நோக்கிக் கையமர்த்தினாராம். எமக்கு எப்படித் தெரியும்? எம் முதுகுக்குக் கண்ணில்லை. குழுவினர்க்குக் கண் உண்டு; ஆனால் அவை எம் கைக்கு அடிமைப்பட்டிருந்தன.

ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருந்தது. நாங்கள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். எமது வகுப்புத் தோழி பாடிச் சென்றாள். அணியில் அவளுக்கு நிகரானவள் இல்லை. தொட்டுவிட்டுத் திரும்புவது மீன் துள்ளுவது போலிருக்கும். அவள் சென்றாள் என்பதை எம் குழுவின் முகங்களிலிருந்து அறிந்தோம். பின்னால் மூச்சொலி, மணல் சரசரக்கும் ஒலி, திடுமெனப் பேராரவாரம். மீண்டுவிட்டாள் என்று முடிவு செய்தோம். இரு கைகளையும் உயர்த்தினோம். அது வெற்றி முழக்கத்திற்குரிய குறி.

குழு முழங்கியது. குஞ்சங்கள் குதித்தன. ஒருமுறை, இருமுறை. மூன்றாம் முறையில்தான் அம் முகங்களை உற்றுநோக்கினோம். கண்கள் எம் கையைவிட்டு எம் தோளுக்கு அப்பாற் சென்று அகன்று நின்றன. சிலவற்றில் நீர் துளித்திருந்தது. ஆனால் வாய்கள் நிற்கவில்லை. எம் கை தாழாதவரையில் அவை நிற்கமாட்டா. அவ்வாறே பழக்கியிருந்தோம்.

திரும்பினோம். எம் தோழி எதிரணியின் எல்லைக்குள் முழங்காலைப் பற்றிக்கொண்டு மணலிற் கிடந்தாள். ஆரவாரித்தவர் எதிர்ப்பள்ளி மாணவியர்; அவர்களும் அதற்குள் அமைதியாகிவிட்டனர். அவர்களுடைய தலைவி எம் தோழியின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மைதானம் முழுவதும் எங்களையே பார்த்தது. கீழே விழுந்து கிடந்த தம் பள்ளிப் பெண்ணைச் சுட்டி மும்முறை வெற்றி முழங்கிய கூட்டம் அன்று அம் மைதானத்தில் நாங்கள் ஒருவரே.

இவ்விடத்தில் மட்டும் 'யாம்' என்பதை ஒருமையாகத் திருத்திப் படித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். அப்பிழை இருபத்துமூவருடையதன்று.

மீண்டுவரும் பேருந்தில் ஒருவரும் பேசவில்லை. எம் தோழி நீளிருக்கையிற் காலை நீட்டிக் கிடந்தாள். முழங்காலைச் சுற்றிய கட்டுத்துணி, இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்பட்டதாகவும் இருக்கலாம். நாடெங்கும் மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்பும் ஊரல்லவா அது! இப்படிப் பொருந்தாதவற்றையெல்லாம் அந்நேரத்தில் மனம் எண்ணிக்கொண்டிருந்தது. பொருந்தியதை எண்ண அஞ்சியது. ஆசிரியையாரும் கடிந்துகொள்ளவில்லை. ஊர் நெருங்கியபோது தோழி கண்ணைத் திறந்து எம்மைப் பார்த்து, "நான் விழுந்ததுக்காடி கை தட்டுனீங்க?" என்றாள். சினந்து கேட்டிருந்தால் விடை சொல்லியிருப்போம். அவள் உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டாள்.

அன்றிரவு முழுதும் எமக்கு ஒரே சொல் காதில் ஒலித்தது. "பாத்துட்டுத்தான் தட்டுறேன்." களத்தைப் பார்த்துவிட்டுத் தட்டியவள் அக்குழுவில் ஒருத்தியே இருந்தாள். அவளையும் தாளம் இல்லாதவள் என்று வெளியேற்றிவிட்டோம். அவள் அங்கு நின்றிருப்பின் ஒன்று முழங்கியிரா. அல்லது பிந்தியாவது நின்றிருப்பாள். இருபத்துமூவர் கைகளினிடையே தட்டாத ஒரு கை எம் கண்ணிற் பட்டிருக்கும். பட்டிருந்தால் யாம் என் செய்திருப்போம் என்பது வேறு கேள்வி. அவளைத்தான் உறுத்திருப்போம் என்று அஞ்சுகிறோம்.

சனிக்கிழமை மாலை மடவார் வளாகத்திற்கு நடந்தோம். மடவார் என்றால் மகளிர்; வளாகம் என்றால் சூழ்ந்த இடம். கோயிலில் ஆடியும் பாடியும் பணிசெய்த மகளிர் வாழ்ந்த இடமாதலின் அப்பெயர் வந்தது என்று ஊரார் சொல்லுவர். அங்குள்ள வைத்தியநாதரைப் பற்றியும், 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கரைப் பற்றியும் ஒரு செய்தி வழங்குகிறது. மன்னரின் வயிற்றுநோய் இத்தலத்தில் தீர்ந்ததாம். அதன்பின், இங்கே பூசை முடிந்தது என்று தெரிந்தபிறகே மதுரையில் அவர் உணவு கொள்ளுவாராம். ஏறத்தாழ 75 கிலோமீட்டருக்கு அப்பால் எப்படித் தெரியும்? வழிநெடுக மண்டபங்கள் கட்டி நகரா முரசுகளை வைத்தனர். ஒன்று முழங்கக் கேட்டு அடுத்தது முழங்கும். அது கேட்டு அதற்கடுத்தது. சிறுவயதில் இக்கதையைக் கேட்டபோதெல்லாம் முதல் முரசை அடித்தவனாகவே எம்மை எண்ணிக்கொண்டிருந்தோம். அன்று நடந்துபோகையில், நடுவழி மண்டபத்தில் அமர்ந்திருந்த பெயரறியாத ஒருவனைப்பற்றி முதன்முறையாக நினைத்தோம். அவனுக்குக் கை பெரிதன்று, காதே பெரிது. அவன் தன் விருப்பம்போல் முழங்கியிருந்தால், பூசை நடவாமலே மன்னர் உண்டிருப்பார்.

கடைக்கோடியாளின் வீட்டுத் திண்ணையில் அவளுடைய அப்பத்தா பூக்கட்டிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும், "வா தாயி, உள்ள வா" என்றார். பேத்தி உள்ளேயிருந்து வரவில்லை. வந்த காரியத்தை அப்பத்தாவிடமே சொல்லத் தொடங்கினோம். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அவர் பூவைக் கீழே வைக்கவில்லை. நார் விரலிற் சுழல, கேட்டுக்கொண்டேயிருந்தார். முடித்தபின் ஒரு கேள்வி கேட்டார்.

"நீ எங்க தாயி நின்ன?"

"அவங்களுக்கு முன்னால, அப்பத்தா. களத்துக்கு முதுகு காட்டி."

"முதுகு காட்டியா?" என்று வியந்தார். "கும்மியில முதுகு காட்டுறவ யாரு இருக்கா? வட்டத்துல எல்லாருக்கும் எல்லா மூஞ்சியும் தெரியும். நடுவுல முளைப்பாரி இருக்கு, அதுவும் எல்லாருக்கும் தெரியும். எடுத்துக் குடுக்குறவளுக்குத் தொண்டை இருந்தாப் போதாது தாயி. கடைசியா வர்றவ காலு என்ன செய்யுதுன்னு தெரியணும். அவளுக்கு மூச்சு வாங்குச்சுன்னா பாட்டை இழுத்துப் பாடணும். அவ ஏன் பிந்துறான்னு நீ கேட்டியா?"

கேட்கவில்லை. அவளே சொன்னாள், அதையும் கேட்கவில்லை.

அப்பத்தா நாற்பது ஆண்டுக்கு மேலாக முளைப்பாரிக் கும்மிக்கு எடுத்துக் கொடுத்தவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவரிடம் எழுத்தறிவு இல்லை. எமது கலாசாலையில் தலைமைப்பண்பு என்னும் பொருள்பற்றி வெளியூரிலிருந்து வந்து உரையாற்றிய அறிஞர் சிலரை இவ்வீராண்டிற் கேட்டுள்ளோம், குறைசொல்வதாகக் கொள்ளலாகாது, கடைசியாய் வருபவளின் காலைப்பற்றி அவர்களுள் ஒருவரும் சொல்லவில்லை.

பேத்தி வெளியே வந்து கதவோரத்தில் நின்றாள். யாம் மன்னிப்புக் கேட்டோம். "சரி" என்றாள். குழுவிற்கு வருமாறு அழைத்தோம். "வரமாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். எம் கண்ணீரைக் கண்டதும் அவள் மனமிளகித் தழுவிக்கொள்வாள் என்று யாம் எதிர்பார்த்திருந்தது அப்போதுதான் எமக்கே விளங்கியது. வெட்கத்துடன் திரும்பினோம். அப்பத்தா கொடுத்த ஒரு முழம் கதம்பம் கையிலிருந்தது. எம் வீட்டில் பூச்சூடும் வழக்கமில்லை. ஆயினும் அதனை எறிய மனம் வரவில்லை.

இப்போது தமிழ் சிறப்பு வகுப்பில் பயிலுகையில் இரண்டு இடங்கள் எம்மை நெடுநேரம் நிறுத்திவைக்கின்றன. ஒன்று சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை. மதுரைப் புறஞ்சேரியில் ஆயர் மகளிர் எழுவர் கைகோத்தாடும் அக்கூத்தை நடத்துபவள் மாதரி. அவளையே நம் நாட்டின் முதல் ஊக்கமுழக்கத் தலைவி என்று சொல்ல எமக்கு ஆசை. எம் பேராசிரியர் இசைவாரோ அறியோம். அவள் ஏன் ஆட்டத்தைத் தொடங்கினாள் என்று பாருங்கள். தாழியிற் பால் உறையவில்லை. ஏற்றின் கண்ணில் நீர் வழிகிறது. உறியிலிருந்த வெண்ணெய் உருக மறுக்கிறது. ஆட்டுக்குட்டிகள் துள்ளாமல் நிற்கின்றன. ஆக்களின் கழுத்துமணி அறுந்து விழுகிறது. இவற்றையெல்லாம் முதலில் அவள் பார்க்கிறாள். பார்த்து, ஊர் அஞ்சியிருக்கிறது என்று அறிந்து, அவ்வச்சம் தீரக் குரவையாடுவோம் என்கிறாள். பின்னர் எழுவரையும் நிறுத்தும்போது ஒருத்தியைக் குரல் என்றும், ஒருத்தியைத் துத்தம் என்றும், இவ்வாறு ஏழு சுரத்திற்கும் எழுவரென்று பெயரிட்டு, ஒவ்வொருத்திக்கும் ஓரிடம் தருகிறாள். எழுவரையும் ஒரே குரலாக்க அவள் முயலவில்லை. யாமோ இருபத்துநால்வரை ஒன்றாக்கப் பாடுபட்டு, ஒன்றாகாத ஒருத்தியைக் கழித்தோம்.

மற்றொன்று எமது ஊரிலேயே பிறந்தது. மார்கழி விடியலில் ஒலிபெருக்கி வழியே திருப்பாவை எங்கள் வீட்டுச் சன்னலுக்குள்ளும் வரும். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்காக எழுந்திருக்க வேண்டிய எம்மை ஆண்டாளே எழுப்பிவிட்டாள் என்று தாயார் கேலி செய்வதுண்டு. முப்பது பாசுரத்துள் ஆறாவது முதல் பதினைந்தாவது வரை பத்துப் பாசுரங்கள் உறங்கும் தோழியரை வீடுவீடாகச் சென்று எழுப்புவன. சிறுவயதில், முப்பதில் பத்தை இதற்கே செலவிடுவானேன் என்று தோன்றியதுண்டு. விடிந்துகொண்டிருக்கிறது, நோன்புக்கு நேரமாகிறது, வந்தவர்கள் போதுமென்று புறப்படலாம். ஆனால் அக்கூட்டத்துப் பெண்கள் புறப்படவில்லை. ஏசுகிறார்கள், கேலி செய்கிறார்கள், புகழ்கிறார்கள், மீண்டும் கதவண்டை நிற்கிறார்கள். பதினைந்தாம் பாசுரத்தில் உள்ளிருப்பவளுக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் வாக்குவாதமே மூண்டுவிடுகிறது. முடிவில் உள்ளிருப்பவள், குற்றம் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று ஏற்றுக்கொள்கிறாள். வைணவப் பெரியோர் அவ்விடத்தை மிகவும் போற்றுவர். எமக்கு அதில் ஒரு சிறு உறுத்தல் உண்டு. எம் கதையில் குற்றத்தை ஏற்கவேண்டியவள் உள்ளே இருந்தவளல்லள், வாசலில் நின்றவள்.

ஆகவே யாம் மீண்டும் மீண்டும் அவ்வாசலுக்குச் சென்றோம். பத்துமுறை இராது, நான்கு முறை இருக்கும். நான்காம் முறை போவதற்கு முன்னாள், வேப்பமரத்தடியில் குழு முழுவதும் கூடியிருக்க, யாம் அவளைப் பழித்தது தவறு என்றும், இராஜபாளையத்தில் நிகழ்ந்தது அதன் பயன் என்றும் சொன்னோம். எல்லார் முன்னும் பழித்ததற்கு வீட்டுத் திண்ணையில் தனியே மன்னிப்புக் கேட்டது, கடன் வாங்கிய இடத்தை விட்டு வேறிடத்திற் செலுத்துவது போன்றது என்று அப்பொழுதுதான் எமக்குப் பட்டது. அச்செய்தி அவள் காதுக்கு எட்டியிருக்கவேண்டும். மறுநாள் அவளே கேட்டாள்.

"கையை மட்டும் பாக்கச் சொல்லுவியா?"

"இல்லடி."

"அப்ப வர்றேன்."

அதன்பின் குழுவின் நிலையை மாற்றினோம். நேர்வரிசையைப் பிறைபோல வளைத்தோம். யாம் நடுவில் புறங்காட்டி நிற்காது, பிறையின் வலக்கோடியில் குழுவோடு குழுவாய் நின்றோம். அங்கிருந்து களமும் தெரியும், முகங்களும் தெரியும். இடக்கோடியில் அவள். ஆட்டத்தை விடாது பார்ப்பது அவள் வேலை. நம்மவர் பாடிச்செல்லும்போது அவள் உள்ளங்கையைத் தாழ்த்துவாள், குழு அடங்கும், பாடுபவளின் மூச்சு நடுவர்க்குக் கேட்கும். யாரேனும் விழுந்தால் முட்டியை மடக்கி உயர்த்துவாள். அக்கணமே எல்லாம் நிற்கும். யாம் அவள் கையைப் பார்த்தோம். குழு எங்கள் இருவரையும் பார்த்தது. பழைய ஒழுங்கு போய்விட்டது உண்மையே. கைகள் சிறிது முன்பின்னாகத்தான் விழுந்தன. முன்னாள் வியந்தவர்கள் சிலர், என்ன, குழு தளர்ந்துவிட்டதே என்றனர். அச்சொல் எமக்குச் சுட்டது என்பதை மறைக்கமாட்டோம். ஒரே அறையாய் விழும் இருபத்துநான்கு கைகளின் இன்பத்தை ஒருமுறை நுகர்ந்தவர்க்கு அதனை விடுதல் எளிதன்று. இன்றும் கனவில் அவ்வோசை கேட்பதுண்டு.

2023-இல் மீண்டும் குறுவட்டப் போட்டி. எம் தோழியின் முழங்கால் தேறியிருந்தது. ஆயினும் பழைய துள்ளல் இல்லை. பிடிப்பவளாக மூலையில் நின்றாள். ஆட்டம் எங்களுக்குச் சாதகமாகச் சென்றுகொண்டிருந்தது. எதிரணிப் பெண்ணொருத்தி பாடிவந்தாள். எங்களவர் நால்வர் ஒருசேர அவளை மறித்துப் பிடித்தனர். நல்ல பிடி. எங்கள் பக்கத்துப் பெற்றோரும் ஆசிரியரும் எழுந்து ஆரவாரித்தனர். எம் தொண்டை வரையில் முழக்கம் வந்துவிட்டது. கையும் பாதி எழுந்துவிட்டது.

இடக்கோடியில் அவள் முட்டியை மடக்கி உயர்த்தியிருந்தாள்.

விழுந்தவள் எதிர்ப்பள்ளிப் பெண். எங்கள் பள்ளிப் பெண் விழுந்தால் மட்டும் என்று யாம் சொல்லியிருந்தோமா, யார் விழுந்தாலும் என்று சொல்லியிருந்தோமா, நினைவில்லை. அவளுக்கு அவ் வேறுபாடு தோன்றவேயில்லை. யாம் கையைத் தாழ்த்தினோம். இருபத்துநான்கு பேரும் வாய்மூடி நின்றோம். எங்களைச் சுற்றியிருந்த ஆரவாரமும் மெல்ல மெல்ல அடங்கிற்று. மணலிற் கிடந்தவள் சிறிது நேரம் அசையவில்லை. பின்பு எம் தோழி கைகொடுக்க, அதைப் பற்றிக்கொண்டு எழுந்தாள், ஒருகாலை ஊன்றிப் பார்த்தாள், ஊன்ற முடிந்தது. அப்போது எங்கள் குழுவில் ஒருத்தி கைதட்டத் தொடங்கினாள். குறி யாம் காட்டவில்லை. ஒருவர்பின் ஒருவராக எல்லாரும் தட்டினர். தாளம் சிறிதும் இல்லை. கடைசியாகத் தட்டியவள் யாரென்று சொல்லவும் வேண்டுமோ?

அந்த ஆட்டத்தில் வென்றோம், அடுத்ததில் தோற்றோம். கடைக்கோடியாள் இப்போது செவிலியர் பயிற்சியில் இருக்கிறாள். அப்பத்தா இன்றும் பூக்கட்டுகிறார். விடுமுறைக்கு ஊர் சென்றால் கதம்பம் ஒரு முழம் கிடைக்கிறது.

விடுதிச் சகோதரியர்க்கு மறுமொழி இன்னும் கூறவில்லையே! வருகிறோம். ஆனால் முன்னால் நிற்கமாட்டோம்; பிறையாக நில்லுங்கள், வலக்கோடியில் எமக்கு ஓரிடம் விடுங்கள். இடக்கோடிக்கு ஒருத்தி வேண்டும். உங்கள் அறைகளில் தாளம் தவறுகிறவள் என்று பெயரெடுத்தவள் யாரேனும் இருந்தால், முதலில் அவளை அழைத்துவாருங்கள்.